வைரஸ் சீசனுக்கு வீட்ல வாங்கி வெச்ச சாமான்: எது பயத்தைக் குறைச்சுது, எது சும்மா கிடந்துச்சு

2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிஞ்சுதுன்னு அறிவிச்சாங்க, ஆனா எங்க வீட்ல அதுக்கப்புறமும் ஃப்ளூ, வாந்தி பேதி வைரஸ், மறுபடி கொரோனான்னு ஏதோ ஒண்ணு வந்து போயிட்டுத்தான் இருக்கு. வீட்ல வயசான அம்மா அப்பா, நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க. ஒருத்தருக்கு வந்தா வரிசையா எல்லாருக்கும் வரும். அதனால 2020லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வாங்கி ஒரு அலமாரி முழுக்க சாமான் சேந்துருக்கு, அதுல எத திரும்ப வாங்குவேன் எத வாங்க மாட்டேன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதான் உக்காந்து மொத்தமா எழுதிடறேன்.

கம்பெனி பேர் எதுவும் எழுதல, ஏன்னா ஒரே சாமான் பத்து பேர்ல வருது, எந்த மாதிரி வாங்கணும்னு தெரிஞ்சா போதும். நான் மார்க் போடறது ஸ்பெக் பாத்து இல்ல. இந்தப் பொருள் வந்தப்புறம், யாருக்காவது உடம்பு சரியில்லன்னா "ஐயோ இப்ப என்ன பண்றது"ன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறது நின்னுச்சா இல்லையா, அவ்வளவு தான் கேள்வி. காய்ச்சல விட அந்த முழிச்சுக்கிட்டு நிக்கறது தான் வீட்ட இருட்டாக்குது. அடுத்து செய்ய வேண்டியது என்னன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா காய்ச்சல் வீட்லயும் சிரிப்புச் சத்தம் கேக்கும்.

முதல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஏன்னா இதப் பத்தி தான் சொல்ல நிறைய இருக்கு. விரல்ல கிளிப் மாதிரி மாட்டறது, ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம் இருக்குன்னு காட்டும். எங்க கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணு வெறும் நம்பர் மட்டும் காட்டும், இன்னொண்ணு நம்பரோட கூட நாடித் துடிப்புக்கு ஏத்த மாதிரி ஒரு அலை ஓடறதையும் காட்டும். வாங்கறதா இருந்தா ரெண்டாவது மாதிரி தான் வாங்கணும், கண்ண மூடிக்கிட்டு சொல்வேன். காரணம் என்னன்னா விரல் ஜில்லுனு இருந்தாலோ, கை ஆடினாலோ, நெயில் பாலிஷ் இருந்தாலோ நம்பர் தப்பா வரும், ஆனா நம்பர் மட்டும் பாத்தா அது தப்புன்னு தெரியாது, 88ன்னு காட்டினா நெஞ்சு அடைச்சுடும். அலை இருக்கற மெஷின்ல அந்தக் கோடு கோணல் மாணலா, விட்டு விட்டு ஓடும், உடனே தெரிஞ்சுடும் இது அளவு இல்ல, கைய தேச்சு சூடாக்கிட்டு மறுபடி போடுன்னு. அலை ஒரே சீரா ஏறி இறங்க ஆரம்பிச்சப்புறம் வர்ற நம்பர் தான் நம்பர். மாட்டின உடனே வர்ற நம்பர் கணக்கே இல்ல, அது இன்னும் தேடிக்கிட்டு இருக்கு, நம்பர் ஓரிடத்துல நிக்கற வரைக்கும் விரல ஆட்டாம வெச்சிருக்கணும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு பெரியவனுக்கு சொல்லிக் கொடுக்கப் போய் எனக்கே ரொம்ப பிடிச்சுப் போச்சு. உள்ள ரெண்டு குட்டி விளக்கு, ஒண்ணு 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் இன்ஃப்ராரெட். ஆக்சிஜன் ஏத்திக்கிட்ட ரத்தம் இன்ஃப்ராரெட்ட அதிகமா உறிஞ்சும், ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம் சிவப்ப அதிகமா உறிஞ்சும், விரலுக்கு அந்தப் பக்கம் எது எவ்வளவு வந்து சேந்துச்சுன்னு பாத்து சதவீதம் போட்டுடுது. தோல், எலும்பு, நகம்லாம் கூட வெளிச்சத்த தடுக்கும் இல்லியா, அத எப்படி கழிக்கிறதுங்கறது தான் பெரிய பிரச்சனையா இருந்துச்சு. ஜப்பான்ல தகுவோ அவோயாகின்னு ஒரு இன்ஜினியர் 1974ல, துடிக்கிற பகுதிய மட்டும் எடுத்துக்கிட்டா அது தமனி ரத்தம் தானேன்னு கண்டுபிடிச்சாரு, மத்ததெல்லாம் துடிக்காது. அவ்ளோ அழகான யோசனை. உலகம் முழுக்க ஜனங்க அந்தக் கிளிப்ப விரல்ல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்த 2020 ஏப்ரல்ல தான் அவரு இறந்தாரு. எங்க வீட்ல அந்த மெஷினுக்கு பசங்க அவர் பேர தான் வெச்சிருக்காங்க, "அவோயாகிய எடுத்துட்டு வா"ன்னு தான் கேப்பாங்க.

சரி, பயம் குறைஞ்சுதான்னா, தானா குறையல. அப்பாவுக்கு வந்தப்ப அம்மா கைல இந்த மெஷின் மாட்டிக்கிச்சு, நிமிஷத்துக்கு ஒரு தடவ அவர் விரல்ல போட்டுப் பாத்தாங்க. 97, அடுத்து 95, அடுத்து 96, உடனே "இறங்குது பாரு"ன்னு அழுகை. இந்த மெஷின்ல ரெண்டு மூணு பாயிண்ட் அப்படி இப்படி வர்றது அதோட இயல்பு, உடம்புல ஒண்ணும் மாறல. அப்ப டாக்டர் ஃபோன்ல ஒரு முறை சொல்லிக் கொடுத்தாரு, அதுக்கப்புறம் அந்த மெஷின் எங்களுக்கு வரம் மாதிரி ஆயிடுச்சு: காலைல, மதியம், ராத்திரி மட்டும் பாக்கணும், அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்தப்புறம், கைய நெஞ்சு உயரத்துல வெச்சு, எப்பவும் அதே விரல்ல, நோட்ல எழுதணும். 95லேர்ந்து 100 வரைக்கும் இருந்தா மெஷின வெச்சுட்டு வேற வேலை பாருங்க. 94க்கு கீழ போய் திரும்ப அளந்தாலும் அங்கேயே நின்னா கூப்பிடுங்க. 90க்கு வந்துட்டா கூப்பிட்டுக்கிட்டு இருக்க வேண்டாம், கிளம்பி வாங்க. நம்பர் நல்லா இருந்தாலும் ஒரு வாக்கியத்த முழுசா பேச முடியாம மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரிச்சாலோ, பேச்சு குழம்பினாலோ நம்பரப் பாக்காதீங்க, ஆளப் பாருங்க. இந்த கடைசி வரி தான் எல்லாத்த விட முக்கியம், நான் அத நோட்டோட அட்டையிலயே எழுதி வெச்சிருக்கேன்.

அந்த நோட்டு வந்ததும் அம்மா அழுகை நின்னுச்சு. ஏன்னா அடுத்த ரீடிங் எப்பன்னு தெரியும், அது வரைக்கும் கவலப்பட வேண்டிய வேலை இல்ல.

நம்ம மாதிரி கருப்பு மாநிறத் தோல் இருக்கறவங்க ஒரு விஷயம் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். இந்த மெஷின் கருத்த தோல்ல உண்மைய விட கொஞ்சம் கூட காட்ட வாய்ப்பு இருக்கு. 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, மெஷின் நல்லா இருக்குன்னு காட்டியும் ரத்தத்துல நிஜமா ஆக்சிஜன் குறைஞ்சிருந்த கேஸ் வெள்ளையர விட கறுப்பினத்தவர் கிட்ட கிட்டத்தட்ட மூணு மடங்கு இருந்துச்சு. 2021 பிப்ரவரில அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளக் கண்காணிக்கற எஃப்டிஏ அமைப்பும் இதப் பத்தி எச்சரிக்கை விட்டாங்க. அதுக்காக மெஷினத் தூக்கிப் போட வேண்டாம். உடம்பு நல்லா இருக்கற நாள்லயே எல்லாரையும் அளந்து அவங்கவங்க வழக்கமான நம்பர எழுதி வெச்சுக்கணும், அதுலேர்ந்து எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாக்கணும். எங்க அப்பாவுக்கு நல்ல நாள்லயே 96 தான், சின்னவளுக்கு 99. ரெண்டு பேருக்கும் 95 வந்தா ரெண்டும் ஒரே செய்தி இல்ல. ஃபோன் கேமராவுல விரல வெச்சா ஆக்சிஜன் காட்டும்னு வர்ற ஆப் எதையும் இதுக்கு நம்பாதீங்க ப்ளீஸ். ரொம்ப சின்னக் குழந்தைங்க விரலுக்கு பெரியவங்க கிளிப் சரியா உக்காராது, அதுக்கு தனி சைஸ் இருக்கு. 5க்கு 5, ஆனா நோட்டோட சேத்து தான் 5, நோட்டு இல்லன்னா 2 கூட குடுக்க மாட்டேன்.

தெர்மாமீட்டர் சீக்கிரம் முடிச்சுடறேன். நெத்திக்கு நேரா துப்பாக்கி மாதிரி காட்டறது தூங்கற குழந்தைக்கு வசதி, ஆனா அது அளக்கறது தோல் மேல இருக்கற சூடு மட்டும் தான், வேர்த்திருந்தா குறைவா காட்டும், வெயில்லேர்ந்து வந்தா கூட காட்டும், தூரம் மாறினா மாறும். சாதா டிஜிட்டல், நாக்குக்கு அடியில வெச்சு பீப் சத்தம் வர்ற வரைக்கும் வாய மூடிக்கிறது தான் நம்பிக்கையானது, சூடாவோ ஜில்லுனோ எதாவது குடிச்சிருந்தா அரை மணி நேரம் விட்டு வைக்கணும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அது தான் காய்ச்சல்னு எல்லாரும் வெச்சிருக்கற கோடு. 99.1க்கெல்லாம் வீட்டையே எழுப்பாதீங்க. டிஜிட்டலுக்கு 4, துப்பாக்கிக்கு 2.

மாஸ்க். இதுல நாங்க வாங்கிப் பாக்காத மாடலே இல்லங்கற அளவுக்கு வாங்கியிருக்கோம். துணி, மூணு அடுக்கு சர்ஜிக்கல், காதுல மாட்டற கேஎன்95, தலைக்குப் பின்னாடி ரெண்டு எலாஸ்டிக் போற என்95. வீட்ல ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தர் பாத்துக்கணும்னா கடைசி ரகம் தான், வேற பேச்சே இல்ல. காதுல மாட்டறது சௌகரியம் தான், ஆனா எங்க வீட்ல யாருக்குமே கன்னத்தோட ஒட்டி நிக்கல, பேசினா மேல கீழ நகருது. தலைக்குப் பின்னாடி போற எலாஸ்டிக் மாஸ்க்க முகத்தோட இழுத்துப் பிடிக்கும். மூக்கு மேல இருக்கற அலுமினியப் பட்டைய ஒரு கையால கிள்ளாம ரெண்டு கை விரலாலயும் நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் அழுத்திக்கிட்டே போகணும், ஒரு கையால கிள்ளினா நடுவுல கூரா மடிஞ்சு ரெண்டு பக்கமும் ஓட்டை விழும். அப்புறம் பலமா மூச்சு விட்டுப் பாக்கணும், கண்ணு பக்கம் காத்து வந்தாலோ கண்ணாடி போட்டவங்களுக்கு கண்ணாடியில ஆவி படிஞ்சாலோ இன்னும் சரியா உக்காரல. வீட்டுக்காரர் தாடி வெச்சிருந்தாரு, தாடி மேல எந்த மாஸ்க்கும் ஒட்டாதுன்னு சொன்னதும் அன்னிக்கே எடுத்துட்டாரு, பசங்களுக்கு அப்பாவ அடையாளமே தெரியல, அன்னிக்கு முழுக்க அத வெச்சே சிரிப்பு.

என்95னா 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) சைஸ் துகள்ல 95 சதவீதமாவது பிடிக்கும்னு அர்த்தம். அந்த சைஸ ஏன் எடுத்துக்கிட்டாங்கன்னா அது தான் பிடிக்கவே கஷ்டமான சைஸ், அத விடப் பெருசு நாரில் நேரா போய் மோதிடும், அத விடச் சின்னது அங்க இங்க ஆடிக்கிட்டே போய் எங்கயாவது ஒட்டிக்கும். உள்ள இருக்கற நாருக்கு மின்னூட்டம் ஏத்தி வெச்சிருப்பாங்க, துகள இழுத்துக்கறதே அந்த மின்னூட்டம் தான். அதனால தான் இத சோப்பு போட்டு துவைக்கக் கூடாது, சானிடைசர் தெளிக்கக் கூடாது, ரெண்டுமே மின்னூட்டத்த கெடுத்துடும், பாக்க புதுசு மாதிரியே இருக்கும் ஆனா வேலைய விட்டுடும். திரும்பப் போடணும்னா பேர் எழுதின காகிதப் பையில போட்டு சில நாள் காய விட்டு மாத்தி மாத்தி போடலாம், எலாஸ்டிக் தளந்தா தூக்கிப் போட்டுடணும். மாஸ்க்குக்கு மின்னூட்டம் ஏத்தற முறைய உருவாக்கின பீட்டர் சாய், 2020ல தட்டுப்பாடு வந்தப்ப ஓய்வுலேர்ந்து திரும்பி வந்து, இத எப்படி கெடுக்காம மறுபடி உபயோகிக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணாரு. இந்த மாதிரி மனுஷங்களப் பத்தி பசங்களுக்கு சொல்றது கூட வீட்ட உற்சாகமா வெச்சுக்கற ஒரு வழி தான்.

மாஸ்க்க மொத்தமா மூட்டை மூட்டையா வாங்கி வெக்காதீங்கன்னும் சொல்லிக்கறேன். 2020 மார்ச் 3ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் உற்பத்திய 40 சதவீதம் கூட்டணும்னு கேட்டாங்க, அவ்வளவு தட்டுப்பாடு, ஆஸ்பத்திரில வேலை செய்யறவங்களுக்கே கிடைக்கல. வீட்ல எல்லாருக்கும் ரெண்டு வாரத்துக்கு வர்ற அளவு அமைதியான நாள்ல வாங்கி வெச்சுக்கிட்டா போதும், பரபரப்பு ஆரம்பிச்சப்புறம் ஓடிப் போய் அடிச்சுப் பிடிச்சு வாங்கறது நமக்கும் டென்ஷன், தேவைப்படறவங்களுக்கும் இல்லாமப் போயிடும். 5க்கு 5.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐட்டம், கார்பன் டை ஆக்சைடு மீட்டர். இத யாரும் லிஸ்ட்ல சேக்கறதே இல்ல. சின்ன டேபிள் கடிகாரம் சைஸ், ரூம்ல எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருக்குன்னு பிபிஎம்ல, அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல எத்தனை பங்குன்னு காட்டும். வெளிக் காத்துல 420 பக்கம் இருக்கும். நாம விடற மூச்சுல கிட்டத்தட்ட 40,000. அப்ப ரூம்ல நம்பர் ஏறுதுன்னா அடுத்தவங்க விட்ட மூச்ச நாம இழுத்துக்கிட்டு இருக்கோம்னு அர்த்தம், வைரஸ் காத்து வழியா பரவறதும் அப்படித்தான். 800க்கு கீழ வெச்சுக்கிட்டா காத்தோட்டம் நல்லாருக்குன்னு எடுத்துக்கலாம். நாங்க கதவ ஜன்னல மூடி ஏசி போட்டுத் தூங்கற ரூம்ல காலைல பாத்தா 2000த்த தாண்டி நின்னுச்சு, வீட்டுக்காரர் நம்பவே இல்ல, ஏசி தான் ஓடுதேன்னாரு. ஸ்ப்ளிட் ஏசி வெளிக் காத்த உள்ள கொண்டு வராது, உள்ள இருக்கற காத்தையே ஜில்லாக்கி சுத்த விடும், இது நிறைய பேருக்குத் தெரியல.

இந்த மீட்டரால எங்க வீட்ல ஜன்னல் சண்டை ஓஞ்சுது. முன்னாடி நான் தெற, அவர் மூடு, அம்மாவுக்கு குளிரு, இப்படியே போகும். இப்ப பசங்க தான் பொறுப்பு. நம்பர் 1000 தொட்டா கத்திக்கிட்டே ஓடிப் போய் எதிரெதிர் ஜன்னலத் தெறப்பாங்க, இறங்க இறங்க சத்தமா எண்ணுவாங்க, எந்த ஜன்னல் ஜோடி தெறந்தா சீக்கிரம் இறங்குதுன்னு ஒரு சார்ட்டே போட்டு ஒட்டியிருக்காங்க, வீட்ல அடைஞ்சு கிடந்த நாள்ல அது தான் அவங்களுக்கு பெரிய விளையாட்டு. வாங்கறப்ப ஒண்ணு கவனிங்க, என்டிஐஆர் சென்சார்னு எழுதியிருக்கணும், அது இன்ஃப்ராரெட் வெளிச்சத்த வெச்சு கார்பன் டை ஆக்சைடயே நேரா அளக்கறது. சில மலிவு மீட்டர் நிஜமா கார்பன் டை ஆக்சைட அளக்கவே அளக்காது, வேற ஏதோ வாயுவ மோப்பம் பிடிச்சு கணக்குப் போட்டு ஒரு நம்பர் காட்டும். முதல்ல வந்தது எங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு, பக்கத்துல கைல சானிடைசர் தேச்சதுமே நம்பர் எகிறுச்சு, அதுலயே தெரிஞ்சு போச்சு, திருப்பி அனுப்பிட்டோம். நல்ல மீட்டர் அதுக்கெல்லாம் அசையாது. 5க்கு 5.

ஜன்னல் தெறக்க முடியாத ரூமுக்கு ஏர் ப்யூரிஃபையர். ஹெப்பா ஃபில்டர் இருக்கணும், 0.3 மைக்ரான்ல 99.97 சதவீதம் பிடிக்கறது. ஆனா ஃபில்டர விட முக்கியம், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு காத்த சுத்தம் பண்ணுதுங்கற அளவு, பெட்டியில சிஏடிஆர்னு போட்டிருக்கும், ரூம் பெருசா மெஷின் சிறுசா இருந்தா பேருக்குத் தான் ஓடும். எங்களோடதுல குறை என்னன்னா சத்தம். ஃபுல் ஸ்பீடுல வெச்சா தூங்க முடியல, குறைச்சு வெச்சா வேலை பாதி. அதனால ரூமுக்கு தேவைப்படறத விட ஒரு சைஸ் பெருசா வாங்கி மெதுவா ஓட விடுங்க. கை வேலை தெரிஞ்சவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, 2020ல ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால்னு ரெண்டு பேர் சேந்து சொல்லிக் கொடுத்தது, மெர்வ் 13ங்கற தரத்துல (நுண்ணிய துகளையும் பிடிக்கற ரகம்) ஃபில்டர் நாலஞ்ச பெட்டி மாதிரி நிக்க வெச்சு டேப் ஒட்டி மேல ஒரு சதுர ஃபேன் மாட்டிட்டா முடிஞ்சுது. அசிங்கமா இருக்கும், பிரமாதமா வேலை செய்யும். இன்னொண்ணு, ப்யூரிஃபையர் ஓடினாலும் கார்பன் டை ஆக்சைடு நம்பர் இறங்காது, அது வாயு, ஃபில்டர்ல மாட்டாது, அத வெச்சு ப்யூரிஃபையர் வேலை செய்யலன்னு முடிவு கட்டிடாதீங்க. 4.

சானிடைசர், ப்ளீச் இதெல்லாம் தான் எல்லாரும் முதல்ல ஓடிப் போய் வாங்கறது, எங்க அலமாரில அதிகமா மிச்சம் கிடக்கறதும் இது தான். கொரோனாவும் ஃப்ளூவும் பெரும்பாலும் காத்து வழியா தான் வருது, வாங்கிட்டு வந்த பாக்கெட் ஒவ்வொண்ணையும் துடைச்சு வெக்கறதுல வீட்ல எல்லார் தெம்பும் வீணாப் போகும். கை கழுவ சாதா சோப்பே போதும், வைரஸச் சுத்தி இருக்கற கொழுப்பு உறைய சோப்பு பிச்சுடும், 20 செகண்டாவது தேய்க்கணும், கட்டை விரலையும் நகத்தையும் விட்டுடக் கூடாது. சானிடைசர் வாங்கினா ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு மேல இருக்கணும். ஆனா வாந்தி பேதி பண்ற நோரோ வைரஸுக்கு கொழுப்பு உறையே கிடையாது, சானிடைசர் அதுக்கு சரியா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும் தான், வாந்தி எடுத்த எடத்துக்கு ப்ளீச் தான். அதனால ப்ளீச் ஒரு பாட்டில் வெச்சுக்கறது நல்லது. 5 சதவீத ப்ளீச் ஒரு பங்குக்கு தண்ணி 49 பங்கு கலந்தா 0.1 சதவீதம் வரும், சாதாரணமா துடைக்க அது போதும், வாந்திய சுத்தம் பண்ணணும்னா அத விட கெட்டியா கலந்து அஞ்சு நிமிஷம் ஊற விடணும். அன்னன்னிக்கு கலந்து அன்னிக்கே தீத்துடணும். டாய்லெட் க்ளீனர் ஆசிட் கூட ப்ளீச்ச கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து. அமோனியா இருக்கற க்ளீனரோடவும் கூடாது. பாட்டில் மேலயே பெரிய எழுத்துல எழுதி ஒட்டிடுங்க.

ஓஆர்எஸ் பாக்கெட்டுக்கு முழு மார்க், ஆனா கூடவே 1 லிட்டர் கோடு போட்ட பாட்டில் ஒண்ணு வாங்கி அதோட சேத்துக் கட்டி வைங்க. 1 லிட்டர் பாக்கெட்ட ஒரு டம்ளர் தண்ணில கொட்டிக் குடிக்க வைக்கறவங்களப் பாத்திருக்கேன், அதுல உப்பு ரொம்ப அதிகமாயிடும், குழந்தைக்கு நல்லது பண்ணப் போய் கெடுதல் ஆயிடும். சின்ன பாக்கெட்டும் விக்கறாங்க, அது வேற அளவு, பாக்கெட்ல என்ன போட்டிருக்கோ அது தான். கலந்தது 24 மணி நேரத்துக்கு மேல வேண்டாம். வாந்தி எடுக்கற குழந்தைக்கு டம்ளரோட நீட்டாம, ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா.

மாத்திரைப் பெட்டியில ஒரே ஒரு எச்சரிக்கை, பாராசிட்டமால் தனியாவும் இருக்கும், சளி மாத்திரை சிரப்புக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கும். பெரியவங்களுக்கே 24 மணி நேரத்துல மொத்தம் 4 கிராம் தான் எல்லை, கல்லீரல் பிரச்சனை இருக்கறவங்களுக்கு இன்னும் கம்மி, டாக்டர் கிட்ட கேட்டுக்கணும். எங்க வீட்ல பாராசிட்டமால் கலந்த எல்லா பாட்டில் மேலயும் சிவப்பு ஸ்டிக்கர், யார் எப்ப குடுத்தாங்கன்னு அதே ஆக்ஸிமீட்டர் நோட்ல எழுதணும். குழந்தைங்களுக்கு வைரஸ் காய்ச்சல்ல ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது.

வீட்லயே பாக்கற கொரோனா டெஸ்ட் கிட் ரெண்டு மூணு வெச்சிருக்கோம். பாசிட்டிவ் வந்தா நம்பலாம், நெகட்டிவ் வந்து அறிகுறி இருந்தா 48 மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ. சூடான எடத்துல வைக்கக் கூடாது, 30 டிகிரிக்குள்ள. தேதி முடிஞ்சா வெச்சிருந்து பிரயோஜனமில்ல. 3.

இப்ப மனச சந்தோஷமா வெச்சுக்கற சாமான். இதையும் மருந்து மாதிரியே முன்னாடியே வாங்கி வைக்கணும்னு சொல்வேன், ஏன்னா காய்ச்சல் வந்தப்புறம் யாருக்கும் தேடிப் போய் வாங்கத் தோணாது.

ஒரு வெள்ளை போர்டு, மார்க்கர். ஃப்ரிட்ஜ் பக்கத்துல மாட்டியிருக்கோம். அன்னிக்கு யார் சமையல், யார் பாத்திரம், யார் நோயாளி ரூம் வாசல்ல சாப்பாடு வைக்கணும், எல்லாம் அதுல. கீழ ஒரு மூலை மட்டும் பசங்களோடது, தினம் ஒரு விடுகதை எழுதுவாங்க, ரூம்குள்ள இருக்கறவங்க தான் பதில் சொல்லணும். செய்தி பாக்கற நேரமும் போர்டுல இருக்கு, ஒரு நாளைக்கு ஒரு தடவ, சாயங்காலம், அரை மணி நேரம். 2020 மார்ச்லயே உலக சுகாதார நிறுவனம் செய்திய நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவ குறிப்பிட்ட நேரத்துல மட்டும் பாருங்கன்னு சொல்லியிருந்தாங்க, அத நாங்க உறுதியா பிடிச்சுக்கிட்டோம். அப்பாவுக்கு மட்டும் ஆரம்பத்துல கஷ்டமா இருந்துச்சு, டிவி ரிமோட்ட தேடிக்கிட்டே இருப்பாரு, அந்த நேரத்துல சீட்டுக்கட்டு எடுத்துட்டுப் போய் உக்காந்தா மறந்துடுவாரு. சீட்டுக்கட்டு மாதிரி மலிவா, வயசு வித்தியாசமில்லாம எல்லாரையும் உக்கார வைக்கற சாமான் இன்னொண்ணு நான் பாக்கல. ஜிக்சா புதிர் 1000 துண்டு வாங்காதீங்க, சாப்பாட்டு மேஜை மாசக்கணக்குல போயிடும், பசங்களுக்கு அலுத்துடும், 300 இல்ல 500 துண்டு நல்லது.

கடைசியா, வயர்லெஸ் காலிங் பெல். நோயாளி ரூம்ல பட்டன், ஹால்ல மணி. இதுக்கு 5க்கு 5 போதாது. தனியா ரூம்ல படுத்திருக்கறவங்களுக்கு பெரிய கஷ்டம், கூப்பிட்டா யாருக்காவது கேக்குமாங்கறது தான், தொண்டை கட்டினவங்களால கத்தவும் முடியாது, ராத்திரி ஃபோன தேடி எடுக்கவும் முடியாது. வெளிய இருக்கறவங்களும் சத்தம் வருதான்னு காத வெச்சுக்கிட்டு தூங்காம கிடப்பாங்க. அம்மா ரூம்ல இருந்தப்ப பசங்க ஒரு ரகசியக் குறி வெச்சுக் குடுத்தாங்க, ஒரு தடவ அடிச்சா தண்ணி வேணும், ரெண்டு தடவன்னா போர் அடிக்குது கதவுக்கு அந்தப் பக்கம் வந்து பேசு, மூணுன்னா உடனே வா. மூணு ஒரு தடவ கூட வரல. ரெண்டு தான் ஓயாம அடிச்சுது, பசங்க போட்டி போட்டுக்கிட்டு ஓடி கதவுக்கு வெளிய உக்காந்து "நான் ஒரு மிருகம் நெனச்சிருக்கேன், கேள்வி கேளு பாட்டி"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க, அம்மா உள்ளேர்ந்து கேட்டுக் கேட்டு கண்டுபிடிப்பாங்க, ஒட்டகச்சிவிங்கிய கண்டுபிடிக்க மட்டும் ஒரு மதியம் முழுக்க ஆச்சு. வாங்கறப்ப மணிச் சத்தத்த கூட்டிக் குறைக்கற மாடலா பாருங்க, எங்களோடது ராத்திரில வீட்டையே தூக்கி நிறுத்துது, மணி மேல துணி போட்டு சமாளிக்கறோம். பட்டனுக்குள்ள குட்டி பேட்டரி இருக்கும், மூடி ஸ்க்ரூ போட்டு மூடற மாதிரி இருக்கறதா எடுங்க, சின்னக் குழந்தை இருக்கற வீட்ல அத கண்டிப்பா பாத்து வாங்கணும், பட்டன் பேட்டரிய முழுங்கிட்டா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.